வெள்ளைத் தட்டில் மின்னிய வெண்கலம்

உங்களை நடுவராக அமர்த்த நான் வரவில்லை. நடுவருக்கு இரண்டு கட்சிகள் வேண்டும். இங்கே இருப்பது ஒன்றுதான், அதன் குற்றமும் என்னுடையதுதான். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். என்னோடு வந்து, பெங்களூர் கண்டோன்மெண்டில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையின் எண்ணெய் அறையில், கிழக்குச் சன்னலருகே நில்லுங்கள். என் கையில் ஒரு வெள்ளை எனாமல் தட்டு. அதில் ஒரு கிண்ணம் அளவு கறுத்த எண்ணெய். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்க்கிறேன். எண்ணெய்க்குள் பொன்னைப் பொடித்துத் தூவியதுபோல் ஆயிரம் மினுக்கல்கள் எழுந்து, மெல்லப் புரண்டு, அடங்குகின்றன. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று வயதில் நான் அதை அழகு என்று நினைத்தேன். அவை ஒரு மனிதரின் பிழைப்பிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் என்பதும், உதிர்த்தது என் நாக்கு என்பதும் அடுத்த நிமிடம்தான் தெரிந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இரண்டு இளைஞர்கள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இன்று என் நாற்காலியிலும் அதற்குப் பக்கத்து நாற்காலியிலும் அமர்ந்திருப்பவர்கள். எந்த வண்டிக்கு எந்த எண்ணெய் என்பது இன்று டப்பாவின் முதுகிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. படித்துப் பார்த்து ஊற்றினால் போதும். "உங்க காலத்துல எதப் பாத்து சார் முடிவு பண்ணீங்க?" என்று அவர்கள் கேட்டார்கள். பதில் சொல்லத் தொடங்கினேன். காப்பி ஆறி ஆடை படிந்த பிறகும் பதில் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்தேன். இயந்திரவியலில் நடுத்தர மதிப்பெண் வாங்கினேன். பேச்சுப் போட்டியில் ஏழு கோப்பைகள் வாங்கினேன். கேள்வியில் தொடங்கு, மூன்று படியில் ஏறு, உச்சியில் நிறுத்து, கைதட்டல் வரும்வரை வாய் திறக்காதே. இந்த நான்கும் எனக்கு மூச்சுவிடுவதுபோல் பழகியிருந்தன. அல்சூர் ஏரிக்கரைக் கூட்டங்களில் என் பெயரைச் சொன்னதும் பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து உட்காருவார்கள். அந்தப் பெருமையோடுதான், ஐம்பதுகளின் நடுவில், பட்டறையின் எண்ணெய் அறை உதவியாளனாகச் சேர்ந்தேன்.

அறைக்குப் பொறுப்பாளர் மிஸ் ரோஸ்லின். ரிச்சர்ட்ஸ் டவுனில் தாயாருடன் வசித்தவர். வயது முப்பத்தைந்துக்கு மேலிராது. யுத்த காலத்தில் ராணுவ மோட்டார்ப் பிரிவில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்களே, அதில் லாரி ஓட்டி, பிறகு லாரிகளின் எண்ணெய்க் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். காலை ஏழே முக்காலுக்குச் சைக்கிளில் வந்து, கவுனுக்கு மேல் காக்கி மேலங்கியை மாட்டி, பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டால், மாலை ஐந்தரைக்குத்தான் அது இறங்கும். பட்டறையில் முப்பது ஆண்களும் அவரை 'மிஸ்' என்றே அழைத்தோம், முதலாளியும் அப்படியே.

அவர் எதையும் கற்பிக்கவில்லை. கேட்டால் மட்டும் சொன்னார். அதையும் பாதியில் நிறுத்திவிடுவார். ஆனால் அவர் வேலை செய்யும் ஒழுங்கு, பார்க்கிறவனுக்கு ஒரு வழிபாட்டைப் போலிருந்தது. டிஃபரன்ஷியல் என்பது பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் இரும்புக் குடம். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பங்கிட்டுத் தருவது. அதன் எண்ணெயை இறக்க வேண்டுமானால், முதலில் மேலே உள்ள ஊற்றும் திருகைத் திறக்க வேண்டும். நான் சேர்ந்த அன்று கீழ்த்திருகில் ஸ்பானரை வைத்தேன்.

"மேல இருக்கறத மொதல்ல தொறங்க, மிஸ்டர் சுந்தரம்."

"இறக்கத்தானே போகிறோம் மிஸ், கீழேதானே..."

"மேல் பிளக்கு துரு புடிச்சு தொறக்கலன்னா? எல்லாத்தையும் எறக்கிட்டு எது வழியா ஊத்துவீங்க? வாய் வழியா?"

வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய வெட்டிய பள்ளத்துக்குள் இருந்த பாஷா பாய் உரக்கச் சிரித்தார். வண்டிகளுக்கு அடியிலேயே இருபது ஆண்டு கழித்தவர் அவர். என் மேடைத் தமிழைக் கேட்டு, அன்றைக்கே எனக்கு 'லெக்சர் சாப்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

இறங்கும் எண்ணெயின் முதல் கிண்ணம் வெள்ளைத் தட்டுக்குப் போகும். மிஸ் அதைச் சன்னலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு சொட்டை உருட்டுவார், முகர்வார். பிறகு வண்டியின் அட்டையில் என்ன இறங்கியது, என்ன ஊற்றியது, யார் கை என்று மூன்று வரி எழுதுவார். அட்டையில் எழுதாமல் ஒரு சொட்டும் பீப்பாயை விட்டுப் போகாது. அந்த அறைக்குச் சட்டம் அது ஒன்றுதான்.

சேர்ந்த மூன்றாம் வாரம் ஒரே மாதிரியான இரண்டு கார்கள் வந்தன. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, நிறமும் ஒன்று. கையேட்டைப் பார்த்து, இரண்டுக்கும் முப்பதைவிடக் கெட்டியான நாற்பதாம் நம்பர் எஞ்சின் எண்ணெயை அளந்து வைத்துவிட்டுப் பெருமையோடு நின்றேன். மிஸ் முதல் வண்டியின் டிரைவரிடம் போனார். அது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு டாக்டருடையது.

"ஒரு நாளைக்கி எத்தன வாட்டி ஸ்டார்ட் பண்றீங்க?"

"பதனஞ்சு, இருவது இருக்கும் மிஸ்."

"சூட்டு முள்ளு எதுவரைக்கும் ஏறும்?"

"அது எங்க ஏறுது? ஏறறதுக்குள்ள அடுத்த வீடு வந்துருது. நிறுத்திடறோம்."

இரண்டாவது, மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. அந்த டிரைவர், "மேடு ஏறச்சொல்ல முள்ளு செவப்புகிட்ட போயி குந்திக்குது மிஸ்" என்றார்.

மிஸ் திரும்பி வந்து, டாக்டர் வண்டிக்கு வைத்திருந்த அளவையைப் பீப்பாயில் திரும்பக் கொட்டினார். "இதுக்கு முப்பது. எஞ்சின் சூடாகறதே இல்ல; கெட்டியா ஊத்தினா மேல ஏறறதுக்குள்ள தேயும். அதுக்கு நாப்பது சரிதான்." அவ்வளவுதான். நான் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு இரும்புகளுக்குள் இரண்டு வாழ்க்கைகள் ஓடிக்கொண்டிருப்பதை அவர் இரண்டு கேள்விகளில் கண்டுவிட்டார். ஏழு கோப்பைகள் வாங்கிய எனக்கு அந்த இரண்டு கேள்விகள் தோன்றவில்லை. அன்று வியப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. அந்த வியப்பு என் செருக்கைத் தொடாமல் போனதும் உண்மை.

சனிக்கிழமைகளில் பகல் உணவுக்குப் பின் அரைமணி நேரம் பட்டறையில் வேலை நடக்காது, காற்றடிக்கும் கம்ப்ரஸரும் ஓய்ந்திருக்கும். அந்த அரைமணியை நான் பட்டிமன்றமாக்கினேன். கவிழ்த்துப் போட்ட பீப்பாய்தான் மேடை. பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா, நகரத்து டிரைவரா மலைப்பாதை டிரைவரா என்று வாரம் ஒரு தலைப்பு. முடிவில் கையைத் தூக்கித் தீர்ப்பு. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. முதலாளியும் கதவருகே நின்று கேட்பார்.

அப்போதுதான் புதிய வகை கியர் எண்ணெய் வந்திறங்கியது. புது மாடல் கார்களின் டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். புதிய எண்ணெயில் கந்தகம் சேர்த்த மருந்து உண்டு. அது எஃகின் மேல் ஒட்டிப் படலமாகிப் பல்லைக் காக்கும். அதன் விளம்பரத் தாளைப் படித்துவிட்டு, 'எல்லா டிஃபரன்ஷியலுக்கும் ஒரே எண்ணெய் போதும்' என்று அந்த வாரத் தலைப்பை நானே அறிவித்தேன். அறையில் வகைக்கொன்றாகப் பீப்பாய்கள் எதற்கு என்பது என் கேள்வி. மூன்று படி ஏறினேன். உச்சியில் நின்று கேட்டேன்:

"யானையைத் தாங்கும் பாலம் ஆட்டைத் தாங்காதா?"

கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. மிஸ் எழுந்து நின்றார். வாதத்தில் அவர் கலந்துகொண்டது அந்த ஒரு முறைதான்.

"பாலம் ஆட்ட திங்காது, மிஸ்டர் சுந்தரம். இந்த ஆயில் வெண்கலத்த திங்கும்."

அவர் சொன்னது பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றைப் பற்றி. அவற்றின் டிஃபரன்ஷியலில் பல்லும் பல்லும் கோப்பதில்லை. எஃகில் செய்த ஒரு திருகுத்தண்டு சுழன்று, வெண்கலத்தில் வார்த்த ஒரு சக்கரத்தைத் தள்ளும். அதை வொர்ம் என்பார்கள். அதற்கு ஆமணக்கெண்ணெய் கலந்த கெட்டி எண்ணெய்தான் அதுவரை ஊற்றிவந்தோம்.

"தின்றதை மிஸ் அவர்கள் கண்ணால் கண்டதுண்டா?" என்று கேட்டேன்.

"கண்டதில்ல. வாசன சொல்லுது."

"வாசனைக்கு வாக்குரிமை இல்லை!" என்றேன். மறுபடியும் கைதட்டல். பத்தொன்பது கைகள் எனக்கு, மூன்று அவருக்கு. அந்த மூன்றில் ஒன்று பாஷா பாயுடையது.

முதலாளி சிரித்துக்கொண்டே, "என்ன மிஸ், தம்பி ஜெயிச்சிட்டாரே?" என்றார். மிஸ் அவரிடம், "மத்த வண்டிக்கெல்லாம் ஊத்தலாம் சார். வொர்ம் வண்டி நமக்கு ரெண்டுதான் வருது. அதுக்கு மட்டும் பாட்டில் பதில் சொல்லட்டும்" என்றார்.

என்ன பாட்டில் என்று மாலையில் தெரிந்தது. தண்டைச் சுற்றி மாட்டும் வெண்கல வளையமான புஷ் ஒன்று உடைந்து கிடந்ததை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, இரண்டையும் கண்ணாடிபோல் தேய்த்து, இரண்டு ஜாம் பாட்டில்களில் போட்டார். ஒன்றில் பழைய எண்ணெய், ஒன்றில் புதியது. கம்ப்ரஸருக்கு மேலே, எப்போதும் சூடாக இருக்கும் பலகையில் இரண்டையும் வைத்தார். சிலேட்டில் எழுதினார்: 'வொர்ம் வண்டிக்குப் பழையதே. பாட்டில் பதில் சொல்லும் வரை.'

ஆறாம் நாள் அவர் தாயாருடன் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டார். பத்து நாள் விடுப்பு.

எட்டாம் நாள் முனிரத்தினம் அண்ணன் வந்தார். அல்சூர்க்காரர். ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பத்தாண்டு டிரைவராக இருந்தவர். நாற்பத்தேழில் கப்பலேறும்போது துரை அந்தப் பெரிய கறுப்புக் காரை அவரிடமே விட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வண்டியும் அவரும் ஒன்று. மணமக்களை ஏற்றுவார், பிரசவக்காரிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், தண்டு, அதாவது கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தில் காத்திருப்பார். அவர் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டது அந்த நான்கு சக்கரத்தை நம்பித்தான்.

"தம்பி, புது ஆயில் ஒண்ணு வந்துகீதாமே? நீங்க பேசி ஜெயிச்சீங்கன்னு சொன்னாங்க. நம்ம வண்டிக்கு ஊத்தக்கூடாதா?"

அவருடையது வொர்ம் வண்டி. சிலேட்டு என் கண்ணெதிரே தொங்கியது. நான் பலகையை எட்டிப் பார்த்தேன். இரண்டு பாட்டிலிலும் வெண்கலம் ஒன்றுபோலவே பளபளத்தது. எட்டு நாளில் வேறெப்படி இருக்கும்? ஆனால் எனக்கு அதுவே சான்றாகிவிட்டது.

"தாராளமா ஊத்தலாம் அண்ணே."

பள்ளத்திலிருந்து பாஷா பாய், "லெக்சர் சாப், சிலேட்டுல மிஸ் என்னமோ எழுதிக்கீறாங்க" என்றார்.

"சிலேட்டுக்கு ஓட்டு இல்ல, பாய்."

"எனக்கு இருந்திச்சு. அதுவும் தோத்துடிச்சு" என்று சொல்லிவிட்டு அவர் திருகைக் கழற்றினார்.

அட்டையை எழுதும்போது என் கை ஒரு கணம் நின்றது. 'டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். எந்த எண்ணெய் என்று எழுதவில்லை. ஊற்றியதை நான் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். எழுதாமல் விட்டதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. சாட்சிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்கள் கழித்து, டிசம்பர் முதல் வாரத்தில் அண்ணன் திரும்பி வந்தார். பின்னால் ஏதோ முனகுகிறது என்றார். மிஸ் அப்போது முன்வாசலில் வேறொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் கிண்ணத்தைத் தட்டில் பிடித்துச் சன்னலுக்குக் கொண்டுபோனேன். நீங்கள் பார்த்த அந்தப் பொன்னை அப்போதுதான் கண்டேன். என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன்:

"மிஸ், இங்க வந்து பாருங்களேன்! தங்கம் மாதிரி இருக்கு!"

அவர் வந்தார். தட்டை வாங்கிச் சாய்த்தார். முகர்ந்தார். அட்டையை எடுத்துப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய்ப் பலகையிலிருந்து இரண்டு பாட்டில்களையும் இறக்கிக்கொண்டுவந்து, நான் ஏறிப் பேசிய அதே பீப்பாயின் மேல் வைத்தார். குறட்டால் இரண்டு துண்டுகளையும் எடுத்து வெள்ளைத் துணியில் கிடத்தினார். பழைய எண்ணெயில் கிடந்தது, துலக்கிய குத்துவிளக்குப்போல் அப்படியே இருந்தது. புதிய எண்ணெயில் கிடந்தது அடுப்புக்கரி. நகத்தால் கீறினார். கரி செதிலாக உரிந்தது; அடியில் வெண்கலம் அரித்துச் சொரசொரத்திருந்தது.

பாட்டில் பதில் சொல்லிவிட்டது. மூன்று படி ஏறவில்லை, உச்சியில் நிறுத்தவில்லை, கைதட்டல் கேட்கவில்லை. அத்தனை முழுமையான பேச்சை அதற்கு முன் நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

பின்மூடியைக் கழற்றினோம். உள்ளே விளக்கைக் காட்டினார். எஃகுத் தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அணைத்தபடி நின்ற வெண்கலச் சக்கரத்தின் பற்கள் எல்லாம் கறுத்து, நடுவே தேய்ந்த ஒரு கோடு மட்டும் மின்னியது. மிஸ் சலவைச் சோப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஒரு பல்லின்மேல் அழுத்தி எடுத்தார். பல்லின் தேய்மானம் சோப்பில் பள்ளமும் மேடுமாகப் பதிந்து வந்தது. தேதி எழுதிய சீட்டொன்றை அதில் குத்தி மேசைமேல் வைத்தார். உலோகத்தின் உடம்பை இப்படிச் சோப்பில் எழுதி வாங்க முடியும் என்பதே எனக்குப் புதிது.

"சக்கரம் மாத்தணுமா மிஸ்?"

"இங்க கெடைக்காது. இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வரணும், அதுக்கு பர்மிட் வாங்கணும். வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

அவர் வாசலைக் காட்டினார். முனிரத்தினம் அண்ணன் வெயிலில் நின்று, தம் வண்டியின் முன்விளக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போயி சொல்லுங்க. ஊத்தினது நீங்க."

"எப்படிச் சொல்வது..."

"முன்னுரை வேணாம்" என்றார் மிஸ்.

இருபதடி தூரம் இருக்கும். எந்த மேடையின் படியும் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை. "அண்ணே, நான் ஊத்தின ஆயில் தப்பு. உள்ள சக்கரத்த அரிச்சிடுச்சு. வேணாம்னு மிஸ் எழுதி வச்சிருந்தாங்க, தெரிஞ்சேதான் ஊத்தினேன்" என்றேன்.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டி படுத்துடுமா?"

"தெரியல அண்ணே."

"அது படுத்தா நானும் படுக்க வேண்டியதுதான்." பிறகு, கோபத்தின் நிழல்கூட இல்லாத குரலில், "அன்னிக்கி ஏரிக்கர மீட்டிங்குல நீங்க பேசினப்போ மொதல்ல கை தட்டினவன் நான்தான் தம்பி. இவுரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னிக்கே நெனச்சிக்கினேன்" என்றார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மிஸ் வெளியே வந்து தம் திட்டத்தைச் சொன்னார். அரித்தது அரித்ததுதான்; மேலும் அரிக்காமல் நிறுத்தலாம். கறுப்பு உரிந்து போனபின் அடியில் போதிய வெண்கலம் மிஞ்சினால் சக்கரம் தன்னைத்தானே தேய்த்து மெருகேற்றிக்கொள்ளும். மிஞ்சாவிட்டால் ஒருநாள் நடுரோட்டில் நிற்கும். எது நடக்கும் என்று அவருக்கும் தெரியாது. அதனால் மணிக்கு இருபத்தைந்து மைலுக்குமேல் ஓட்டக்கூடாது. ஐந்து பேருக்குமேல் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பகல் உணவுக்குப் பின் கொண்டுவர வேண்டும்.

"ஒவ்வொரு சனிக்கெழமையுமா?" என்றார் அண்ணன்.

"ஆமா. அந்த நேரம் மிஸ்டர் சுந்தரம் ஃப்ரீயா இருப்பாரு" என்றார் மிஸ். அத்துடன் பட்டிமன்றம் முடிந்தது.

அன்றே கழுவத் தொடங்கினோம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டேன். மூலைகளில் தங்கிவிடும் என்றார். ஆமணக்கு சேர்ந்த எண்ணெயோடு கந்தக மருந்து கலந்தால் பிசினாகிவிடும், ஆகவே நான் ஊற்றிய புதியது ஒரு துளியும் மிஞ்சக்கூடாது. டிசம்பர்க் குளிரில் அந்தக் கெட்டி எண்ணெய் தேன்பாகுபோல் நின்றது. டப்பாவை வெந்நீரில் உட்காரவைத்து இளக்கி, பாதி அளவு ஊற்றி, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டுப் பத்து நிமிடம் மெல்லச் சுழலவிட்டு, சூடாக இருக்கும்போதே இறக்கினோம். இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை இறங்கியதை முகர்ந்து, கந்தகம் போய்விட்டது என்று மிஸ் சொன்ன பிறகுதான் முழு அளவு ஊற்றினேன்.

அதன்பின் சனிக்கிழமைகள். நான் பள்ளத்தில் இறங்குவேன். மேல்திருகு, கீழ்த்திருகு, தட்டு, சன்னல். பின்மூடி, விளக்கு, சோப்பு. முதல் சனிக்கிழமை பொன் அப்படியே இருந்தது. இரண்டாவது வாரம் சற்று அதிகமாகவே தெரிந்தது. மூன்றாவதில் குறைந்ததா, என் ஆசையில் குறைந்ததாகத் தோன்றியதா என்று சொல்ல முடியவில்லை. மிஸ்ஸிடம் கேட்டேன். "சோப்ப கேளுங்க" என்றார். சோப்புத் துண்டுகளை வரிசையாக வைத்து, மெல்லிய தகட்டால் பள்ளத்தை அளந்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்து பள்ளம் வளரவில்லை.

பாஷா பாய்க்கு இந்த வாரங்கள் விருந்தாக அமைந்தன. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "க்யா லெக்சர் சாப், இன்னிக்கி தலைப்பு என்ன? ஆயில் மேல விழுந்தா நல்லதா, கீழ விழுந்தா நல்லதா?" என்பார். ஆனால் வெந்நீர் கொண்டுவந்து தந்ததும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை, அண்ணன் ஊருக்கு வெளியே உள்ள ஹெப்பகோடிவரை ஒரு குடும்பத்தைக் கொண்டுவிட்டுத் திரும்பும் வழியிலேயே வந்தார். டிஃபரன்ஷியல் சூடாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார் மிஸ். வைத்தேன். தாங்கக்கூடிய சூடு. "உள்ள தண்டும் சக்கரமும் தொட்டுக்கிட்டு இருக்கறதா நெனக்கிறீங்க, இல்ல? தொடல. நடுவுல ஆயில் நிக்குது. மயிரவிட சன்னமா." வழக்கத்துக்கு மாறாக அவர் முழு வாக்கியத்தையும் முடித்தார். கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. போக வர இருபத்தைந்து மைல் தூரம், ஒன்றரை டன் இரும்பு, போகும்போது உள்ளே ஒரு குடும்பம். அத்தனையையும் சுமந்து வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். கோயிலில்கூட நான் பழக்கத்தால் கைகூப்புகிறவன். அன்று அந்த எண்ணெய் வழிந்த குடத்தின் மேல் வைத்த கை, தானாகவே பணிந்திருந்தது.

பிறகு நான் அந்த அறைக்கே பொறுப்பாளன் ஆனதும், வேறு நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு எண்ணெய் நிர்ணயித்ததும், மிஸ் ரோஸ்லின் வேலையின் கடைசி நாளன்று தம் பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனதும் வேறு கதைகள். இங்கிலாந்துச் சக்கரம் பதினான்கு மாதம் கழித்து வைக்கோல் சுற்றிய பெட்டியில் வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்கத் தேவை ஏற்படவில்லை. ஏன் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

பதின்மூன்றாம் சனிக்கிழமை. தட்டில் இறங்கிய எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. சாய்த்தேன், ஒரு மினுக்கலும் எழவில்லை. மறுபக்கம் சாய்த்தேன். தட்டின் அடியிலிருந்த வெள்ளை எனாமல்தான் தெரிந்தது. பின்மூடியைத் திறந்தோம். மிஸ் விளக்கைப் பிடித்தார். கறுத்துக் கிடந்த பற்கள் எல்லாம், ஒன்று விடாமல், விளிம்புவரை பொன்னிறத்தில் நின்றன. தட்டில் உதிர்ந்து கிடந்தபோது கண்ட அதே பொன், இப்போது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பதின்மூன்றாம் சோப்பை ஐந்தாவதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஓடும்" என்றார்.

அவர் போய்விட்டார். நான் பள்ளத்தில் நின்று, இளக்கிய எண்ணெயை நிரப்பி, மேல்திருகை இறுக்கினேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"இன்னா தம்பி, சத்தத்தையே காணோம்? மிஸ் இன்னா சொன்னாங்க?"

அங்கிருந்து பார்த்தால் அண்ணனின் டயர்ச் செருப்புகள் மட்டும் தெரிந்தன. மேடை இல்லை, என் தலைக்குமேல் அவருடைய வண்டியின் அச்சு. கேள்வியில் தொடங்கவில்லை, குரலை ஏற்றவில்லை. கம்ப்ரஸர் ஓடாத நேரமாதலால் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது:

"ஓடும் அண்ணே. இது ஓடற வரைக்கும் இதோட ஆயில நான்தான் எறக்குவேன், நான்தான் ஊத்துவேன். என்ன ஊத்தப்போறேன்னு அட்டைல எழுதி, ஊத்தறதுக்கு முன்னாடி உங்க கைல குடுப்பேன்."